“நல்லா இரிக்கி” எண்டு மட்டும் சொல்லாதீங்க

“கொடிக் கயிறு இப்பிடி நேரா நிக்காதே, ராத்தா.”

இப்படிச் சொன்னவர் பாண்டிருப்பைச் சேர்ந்த ஓர் அக்கா. மருதமுனையைச் சேர்ந்த ஒரு ராத்தா தைத்துக் கொண்டு வந்து விரித்த துணிப்படத்தைப் பார்த்துத்தான் அவர் சொன்னார். 2007 ஆம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை, அசர் தொழுகைக்குப் பிந்திய நேரம். தலையணை உறை அளவான ஒரு சாக்குத் துண்டு. அதில் ஒரு பக்கம் வேப்பமரம், மறுபக்கம் குசினிச் சுவர், இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறு. கயிற்றில் நீலக்கோடு போட்ட ஒரேயொரு சாரன் காய்கிறது. படத்தில் ஆட்கள் எவரும் இல்லை. 1990 ஆம் ஆண்டு வீட்டிலிருந்து வெளிக்கிட்டுப் போய் இன்றுவரை திரும்பி வராத கணவரின் சாரன் அது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு உடம்பு கூசியது. காணாமற்போன மனிதரை நினைத்து ஒரு பெண் இரண்டு மாதமாகத் தைத்த படத்தில், கயிற்றைப் பற்றியா பேசுவது? பேச்சை மாற்றலாமா என்று பார்த்தேன். அக்கா விடவில்லை.

“ஈரச் சாரனப் போட்டா நடுவுல கயிறு தொய்யும். இதுல தொய்யல்ல. அதால சாரன் கொடியில கிடக்கிற மாதிரித் தெரியல்ல. சும்மா ஒட்டி வெச்ச மாதிரிக் கிடக்கு.”

ராத்தா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “ஈரமில்ல. காஞ்ச சாரன். நான் மூணு நாளா அத எடுக்கல்ல.”

“அப்ப கயிறு சரி” என்றார் அக்கா. “சாரன்ட கீழ்க்கரையத்தான் மாத்தணும். மூணு நாள் வெயில்ல கிடந்த துணி இப்பிடி மெத்தெண்டு விழாது. விறைச்சி நிக்கும்.”

ராத்தா தலையை ஆட்டினார். அடுத்த மாதம் வந்தபோது கீழ்க்கரை பிரிக்கப்பட்டு, இரட்டையாக மடித்து விறைப்பாகத் தைக்கப்பட்டிருந்தது.

பதினேழு வருடங்களில் அவரிடம் எத்தனையோ பேர் வந்து விசாரித்திருந்தார்கள். படிவங்கள் நிரப்பினார்கள். எத்தனையாம் திகதி, எத்தனை மணி, என்ன நிற உடுப்பு, கடைசியாகக் கண்டது யார். கொடியில் கிடந்த சாரனை மூன்று நாட்களாக அவர் எடுக்கவில்லை என்பது எந்தப் படிவத்திலும் இல்லை. கயிறு தொய்யுமா தொய்யாதா என்ற பேச்சில்தான் அது வெளியே வந்தது.

இந்த இதழை வாசிப்பவர்களில் பலர் தைப்பவர்கள், பின்னுபவர்கள், பிள்ளைகளின் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் களவாகப் படம் கீறுபவர்கள். செய்ததை எடுத்து இன்னொருவருக்குக் காட்டும்போது நெஞ்சு படபடப்பது உங்களுக்குத் தெரியும். காட்டியதைப் பார்த்தவர் என்ன சொல்ல வேண்டும் என்பதில் எமது சிறு கூட்டம் பட்ட பாட்டை எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்து போன பிறகு மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது எங்கும் கடற்கரைப் பக்கத்து வீதிகள் வெறும் மண்ணாகக் கிடந்தன. தற்காலிகக் கொட்டில்களில் இருந்த எங்களுக்கு 2005 ஆம் ஆண்டு முழுக்கச் செயலமர்வுகள் நடந்தன. ஒன்றில் பெரிய கடதாசியும் வர்ணக் கட்டிகளும் தந்து மனதில் உள்ளதைக் கீறச் சொன்னார்கள். கீறினோம். ஒவ்வொன்றாகச் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் கைதட்டச் சொன்னார்கள். தட்டினோம். எல்லாப் படமும் “மிகவும் அழகு”. என் படமும் அழகு, பக்கத்தில் இருந்தவ பேனையைத் தொட்டும் பார்க்காமல் விட்ட வெறுங் கடதாசியும் அழகு. பின்னேரம் எல்லாவற்றையும் சுருட்டி வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு அவற்றை நாங்கள் காணவில்லை.

அன்று ஒரு வயதான மாமி என்னிடம் கேட்டா: “மனே, என்ட படத்துல தோணி சரியா வந்திரிக்கா? எனக்கெண்டா முன்பக்கம் பிழை மாதிரிக் கிடக்கு.” அவவுடைய புருசன் மீன்பிடிகாரர். தோணியின் முன்பக்கம் எப்படி இருக்கும் என்று அவவுக்குத் தெரியும். தன் கை அதைச் சரியாகக் கீறவில்லை என்பதும் தெரியும். யாராவது அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அவ காத்திருந்தா. கைதட்டல்தான் கிடைத்தது. எங்கள் எல்லோரையும் “பாவம்” என்று தீர்மானித்து விட்டவர்களுக்கு எங்கள் தோணியைப் பார்க்க நேரமில்லை. அவர்கள் நல்ல மனதோடுதான் வந்தார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

அதற்கு அடுத்த வருடம் ஏழு பேராகச் சேர்ந்து நாங்களே கூடத் தொடங்கினோம். மாதத்தின் முதற் சனிக்கிழமை, அசருக்குப் பிறகு தொடங்கி மஃரிபுக்கு முன் முடிக்க வேண்டும். நோன்பு மாதத்தில் இல்லை. மருதமுனைத் தறிகளில் சேலையும் சாரனும் நெய்து மிஞ்சும் வெட்டுத்துண்டுகள் எங்களுக்குப் போதுமானவை. பாண்டிருப்பு பக்கத்து ஊர். அங்கிருந்து மூன்று அக்காமார் நடந்தே வருவார்கள்.

சாக்கில் துணித்துண்டு வைத்துப் படம் தைக்கும் யோசனை எங்களுடையது அல்ல. அது சிலி நாட்டுப் பெண்களிடமிருந்து வந்தது. 1973 செப்டெம்பர் 11 ஆம் திகதி அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஜெனரல் பினோசேயின் அந்த ஆட்சியில் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள். தேடி அலைந்த தாய்மாரும் மனைவிமாரும் தலைநகர் சந்தியாகோவில் தேவாலயங்களின் ஆதரவில் கூடி, மாவு மூட்டைச் சாக்கில் துணித்துண்டுகளால் தங்கள் வாழ்க்கையைத் தைத்தார்கள். பின்னால் அந்தீசு மலை, மேலே சூரியன், முன்னால் பொதுச் சமையற் பானை, சிறை வாசல், படத்தை ஏந்தி நிற்கும் பெண்கள். ‘அர்ப்பியேரா’ என்று பெயர். அந்தச் சொல்லுக்கே சாக்குத் துணி என்றுதான் அர்த்தம். 1976 ஆம் ஆண்டு முதல் கத்தோலிக்கத் திருச்சபையின் மனித உரிமை அலுவலகம் ஒன்று அவற்றை வாங்கி, மறைவாக வெளிநாடுகளுக்கு அனுப்பி விற்றுக் காசைப் பெண்களுக்குக் கொடுத்தது. சிலர் காணாமற்போனவரின் சட்டையிலிருந்தே துண்டு வெட்டித் தைத்தார்கள்.

இவ்வளவும் பலருக்குத் தெரிந்திருக்கலாம். எனக்குப் பிடித்தது இன்னொன்று. அந்தப் பெண்கள் தைத்த எல்லாமே அப்படியே ஏற்றுக்கொள்ளப்படவில்லை. குழுவிலே சிலர் ஒவ்வொரு படத்தையும் கையில் எடுத்து, தையல் உறுதியா, நிறம் பொருந்துகிறதா, சொல்ல வந்தது தெரிகிறதா என்று பார்த்தார்கள். சரியில்லாதது திருத்தத்துக்குத் திரும்பிப் போனது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் என்பதற்காகத் தளர்ந்த தையலை விட்டுவிடவில்லை. இதைக் கேட்டபோது எனக்கு முதலில் கொடுமையாகத்தான் பட்டது. கொடிக்கயிறு அக்காவைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

சிலி வரைக்கும் ஏன் போக வேண்டும்? என் மூத்தம்மா பன்பாய் இழைப்பவ. யாராவது இழைத்த பாயைக் கொண்டு வந்து காட்டினால், அவ நிறத்தைப் பார்க்கவே மாட்டா. முதலில் ஓரத்தை விரலால் தடவுவா. பிறகு பாயைத் தூக்கி வாசல் வெளிச்சத்துக்குப் பிடித்து, எங்கே நீக்கல் விட்டிருக்கிறது என்று பார்ப்பா. பிறகு கவிழ்த்துப் பின்பக்கம் பார்ப்பா. அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். “சிவப்புப் பன் சரியா அவியல்ல புள்ள, சாயம் உள்ளுக்குப் போகல்ல.” பாய் கொண்டு வந்தவ கோபிக்க மாட்டா. குந்தியிருந்து, எவ்வளவு நேரம் அவித்தா, எத்தனை தரம் காய வைத்தா என்று இரண்டு பேரும் மணித்தியாலக் கணக்கில் பேசுவார்கள். கருத்துச் சொல்வது எப்படி என்று எங்களுக்குச் செயலமர்வு வைக்கத் தேவையே இருந்திருக்காது. எங்கள் வீடுகளில் அது இருந்தது. யுத்தமும் இடப்பெயர்வும் வந்து, நாங்கள் நிவாரணப் பெயர்ப்பட்டியலில் ஒரு இலக்கமான பிறகுதான் ஒருவருக்கொருவர் குறை சொல்லக் கூச்சப்படத் தொடங்கினோம்.

எங்களுக்கு வடக்கே மட்டக்களப்பில் இதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. 1996 இல் அங்கு ஆரம்பமான வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குத் தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிச் சென்று, களிமண்ணும் சாயமும் கதையுமாக விளையாட விட்டார்கள். பிள்ளைகளின் படத்தில் பிழை பிடிக்காமல் விடுவதுதான் சரி. வளர்ந்த பெண்களையும் அப்படியே பிள்ளைகள் மாதிரி நடத்துவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. 1990களின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்த பெண்கள் மத்தியில் வேலை செய்யத் தொடங்கிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், பாட்டு, நாடகம், ஓவியம் எல்லாவற்றையும் பெண்களின் வேலைக்குள் கொண்டு வந்தது. அதனோடு சேர்ந்து இயங்கிய ஓவியர் வாசுகி, யாழ்ப்பாணத்தில் ஓவியர் அ. மாற்குவிடம் பயின்றவர். 2000 ஆம் ஆண்டு காலமான மாற்கு மாஸ்டரிடம் பயின்ற பெண்கள் சிலர் பின்னாளில் ஓவியர்களாக அறியப்பட்டார்கள். ஒருவர் கீறியதை உட்கார்ந்து பார்க்க இன்னொருவர் இருந்தபடியால்தான் அது நடந்தது. கொழும்பிலே 1943 இல் தொடங்கிய ‘43 குழு’வின் பெரிய ஓவியர்களுக்கும் லயனல் வென்ட்டின் வீடு என்று கூடிப்பேச ஓர் இடம் தேவைப்பட்டது. எங்களுக்குச் சங்கக் கட்டிடத்தின் பின் அறை.

கூடினால் போதாது, முறை வேண்டும் என்பதைப் பட்டுத்தான் அறிந்தோம். அமெரிக்காவைச் சேர்ந்த லிஸ் லேர்மன் என்ற நடனக் கலைஞர் 1990 ஆம் ஆண்டளவில் உருவாக்கிய ஒரு முறை பல நாடுகளில் பயன்படுகிறது. நான்கு படி. முதலில் பார்த்தவர்கள், தங்கள் மனதில் பட்டதைச் சொல்வார்கள். இரண்டாவதாகச் செய்தவரே கேள்வி கேட்பார். மூன்றாவதாகப் பார்த்தவர்கள் கேட்பார்கள், ஆனால் கேள்விக்குள் தங்கள் அபிப்பிராயத்தை ஒளித்து வைக்கக் கூடாது. கடைசியாகத்தான் அபிப்பிராயம், அதுவும் அனுமதி கேட்டு: “நிறத்தப் பத்தி ஒண்டு சொல்லவா?” செய்தவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

நாங்கள் இதை எங்களுக்கு ஏற்ற மாதிரி வளைத்துக்கொண்டோம். “மனதில் பட்டது” என்றால் எங்கள் ஆட்கள் உடனே அழத் தொடங்கி விடுவார்கள். ஆகையால் “கண்ணில் முதலில் பட்டது என்ன” என்று மாற்றினோம். எனக்கு முதலில் பட்டது வேலி. எனக்குக் கிணற்று வாளி. இவ்வளவுதான். செய்தவருக்கு அதுவே பெரிய செய்தி. ‘நான் நடுவில் வைத்தது பள்ளிவாசல், ஆனால் எல்லோரும் வாளியைத்தான் பார்த்திருக்கிறார்கள்’ என்று அவ தானாக விளங்கிக்கொள்வா.

செய்தவ கேள்வி கேட்பது இரண்டாவது படி. முதல் ஆறேழு மாதம் ஒருத்தியும் கேட்கவில்லை. “எப்பிடி இரிக்கி?” என்பதைத் தாண்டிப் போகவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டால் நல்லாயிருக்கிறது என்றுதான் பதில் வரும். பிறகு மெல்ல மெல்லத்தான் “இந்த மரம் வேம்பு எண்டு விளங்குதா?”, “இது விடியலா பொழுதுபட்ட நேரமா?” என்று வந்தது.

அபிப்பிராயம் ஒளிந்த கேள்வியைக் கண்டுபிடிப்பதும் சிரமம். “ஏன் இவ்வளவு இருட்டா தெச்சிரிக்கிறீங்க?” என்பது கேள்வி மாதிரித்தான் இருக்கும். உள்ளே இருப்பது, இருட்டு கூடிவிட்டது என்ற தீர்ப்பு. “இது எத்தனை மணி?” என்று கேட்டால் அது கேள்வி.

நான்காவது படிதான் எங்களைத் தோற்கடித்தது. ஒன்று சொல்லவா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்ல எங்கள் பெண்களுக்கு வாய் வராது. மரியாதைக்காக “சொல்லுங்க” என்று விட்டு, வீட்டுக்குப் போய் அழுவார்கள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். துணியைக் கவிழ்த்து வைத்தால் பேச்சு முடிந்தது. வாயால் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஏன் கவிழ்த்தாய் என்று எவரும் கேட்கக் கூடாது.

இந்த ஏற்பாடு நான் செய்த ஒரு பிழையால் வந்தது. 2008 இல் கல்முனைக்குடியிலிருந்து ஒரு தங்கச்சி சேர்ந்தா. முதற் படமாகக் கடலைத் தைத்துக் கொண்டு வந்தா. கரை, இரண்டு தென்னை, எழும்பி வரும் அலை. அலை றோஸ் நிறம். நான் யோசிக்காமல் சொன்னேன்: “கடல் எங்கயாவது றோஸா இரிக்குமா புள்ள? நீலத் துண்டு நிறையக் கிடக்கே.” இரண்டு பேர் சிரித்தார்கள். அவவும் சேர்ந்து சிரித்தா. துணியை மடித்தா. பிறகு ஐந்து மாதம் வரவில்லை.

தேடி வீட்டுக்குப் போனேன். அவவின் உம்மாதான் கதவைத் திறந்தா. அந்தப் புள்ள தேத்தண்ணி ஊற்ற உள்ளே போன நேரத்தில் உம்மா மெல்லச் சொன்னா, அது கடல் கொண்டுபோன பேத்தியின் பெருநாள் சட்டை என்று. அலுமாரியில் இருந்ததால் தப்பிய ஒரேயொரு சட்டை. நான்கு வருடம் மடித்து வைத்திருந்து, அந்த அலைக்காகத்தான் கத்தரி வைத்திருக்கிறா.

தேத்தண்ணியை எப்படிக் குடித்தேன் என்று தெரியாது. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தால் அவ என்னை ஆறுதற்படுத்த வேண்டி வந்திருக்கும். கைப்பையில் என் அரைகுறைத் துணி இருந்தது. எடுத்து விரித்து, “இதப் பாருங்க, எனக்கு ஒண்டும் சரிவருதில்ல” என்றேன். வயல் வரம்பில் ஒரு சைக்கிள். அவ கனநேரம் பார்த்தா. “சில்லு வட்டமா இல்ல ராத்தா” என்றா. “முட்ட மாதிரி இரிக்கி. சோத்துப் பானை மூடிய வெச்சிக் கீறுங்க.” அடுத்த மாதம் வந்தா. றோஸ் அலையோடுதான் வந்தா.

அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் யாருடைய படத்தை விரித்தாலும் முதற் கேள்வி ஒன்றுதான்: “இந்தத் துண்டுகள் எங்க எடுத்த?” சில வேளை, தறியில் மிஞ்சியது என்று பதில் வரும். சில வேளை வேறு பதில் வரும். எதுவானாலும் நிறத்தைப் பற்றிப் பேசுவது அதற்குப் பிறகுதான்.

உருவம் தைப்பது பற்றி ஒரு வார்த்தை. எங்களில் சிலர் மனித உருவமோ மிருக உருவமோ செய்வதில்லை, மார்க்கத்தில் அது கூடாது என்று எண்ணுகிறவர்கள். சிலர் செய்வார்கள். அக்காமார் எல்லோரும் செய்வார்கள். இதைப் பற்றி எங்கள் கூட்டத்தில் விவாதம் வைப்பதில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். உருவம் வைக்காதவர்களின் படங்களில் செருப்பும் தொப்பியும் மீன் கூடையும் அவ்வளவு நுணுக்கமாக வரும். ஆள் இல்லாத இடத்தை அவை நிரப்ப வேண்டியிருக்கிறது. அக்காமாரின் படங்களில் எல்லா முகமும் இரண்டு புள்ளி, ஒரு கோடு. ஒரு நாள் ஒரு ராத்தா அனுமதி கேட்டுக்கொண்டு சொன்னா: “அக்கா, உங்கட ஆக்கள் எல்லாருக்கும் ஒரே முகம். முகத்த விட்டுட்டு கையத் தெச்சுப் பாருங்களன். அழுற ஆள் கைய எங்க வெச்சிரிப்பா?” அந்த அக்காவின் அடுத்த படத்தில் ஒரு பெண் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருந்தா. முகம் மறுபக்கம் திரும்பியிருந்தது. இத்தனை வருடங்களில் எங்கள் அறையில் விரித்த படங்களில் அதை முதலாவதாக வைப்பேன். இதைச் சொன்னதற்கு மற்றவர்கள் என்னோடு கோபிக்கலாம், கோபிக்கட்டும்.

எங்கள் கூட்டம் உடைந்து போகப் பார்த்த நாளும் உண்டு. கொடிக்கயிறு அக்கா தன் வீடு எரிந்ததைத் தைத்து வந்தா. 1990 யூன் மாதம். கூரை, நெருப்பு, முற்றத்தில் கவிழ்ந்து கிடக்கும் உரல். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, எங்களில் ஒருவ கேட்டா: “ஆர் கொளுத்தின எண்டு போடல்லையே?” அறை அப்படியே உறைந்தது. அந்த வருடத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இந்தக் கரையில் என்னென்ன நடந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லோர் வீட்டிலும் மையித்து இருந்தது, எல்லோரிடமும் ஒரு பட்டியல் இருந்தது. அக்கா துணியைக் கவிழ்க்கவில்லை. “எனக்குத் தெரியும்” என்றா. “கேட்டா சொல்லுவன். ஆனா நான் இதுல தெச்சது உரல.”

நாங்கள் உரலைப் பார்த்தோம். அது பழைய உரல், அவவின் தாயுடையது. நெருப்புக்குப் பிறகு அவவுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். கேள்வி கேட்டவதான் கடைசியில் சொன்னா, உரலின் வாய்க்குள் கறுப்பு நூலால் இன்னும் இரண்டு சுற்றுப் போட்டால் ஆழம் தெரியும் என்று. அக்கா போட்டா. யார் கொளுத்தியது என்பதையும் பிறகொரு நாள் எங்களுக்குச் சொன்னா. அதை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை.

2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளும், அதே மாதம் 26 ஆம் திகதி சாய்ந்தமருதில் நடந்ததும் எங்கள் ஊர்களை மீண்டும் பயத்தில் ஆழ்த்தின. சில மாதங்கள் கூடவில்லை. பாண்டிருப்பு அக்காமார் இனி வருவார்களா என்று நாங்களும், நாங்கள் அவர்களை எதிர்பார்க்கிறோமா என்று அவர்களும் யோசித்துக்கொண்டிருந்த நாட்கள். முதலில் நடந்து வந்தது கொடிக்கயிறு அக்காதான். பத்திரிகைத் தாளில் சுற்றிய துணியோடு வந்து, “இதுல என்ன பிழை எண்டு ஆரும் பாத்துச் சொல்லுங்க, நாலு மாசமா ஆளில்லாமக் கிடக்கு” என்றா.

புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விடயங்கள். செய்தவரின் அனுமதி இல்லாமல் எங்கள் படங்களை எவரும் போட்டோ எடுக்க முடியாது. கண்காட்சிக்குக் கேட்டால், எங்கே, எத்தனை நாள், பெயர் போடுவதா இல்லையா, எப்போது திரும்பத் தருவது என்று எழுதி வாங்கிக்கொள்கிறோம். 2005 ஆம் ஆண்டு கற்ற பாடம் அது. விற்பனைக்குப் பைகளும் மேசை விரிப்புகளும் தைக்கிறோம், இந்தப் படங்களை விற்பதில்லை. விற்கத் தொடங்கினால் ‘வாங்குகிறவருக்குப் பிடிக்குமா’ என்ற கேள்வி எங்கள் கேள்விகளைத் தின்றுவிடும். சிலிப் பெண்களுக்கு அது வேறு மாதிரி, அவர்களுக்கு அந்தக் காசுதான் சோறு. இப்போது கைத்தொலைபேசியில் படம் அனுப்பினால் ஒரு கட்டைவிரல் அடையாளம் திரும்பி வருகிறது. அந்தக் கட்டைவிரலைப் பார்த்து எந்தத் தோணியின் முன்பக்கத்தைத் திருத்துவது?

இன்னொன்று. இது உளவளத்துணை அல்ல. தைக்கத் தொடங்கிய பிறகு நித்திரை வராமல், சாப்பிட முடியாமல், உயிரை விடும் எண்ணம் வந்து தவித்தவர்கள் எங்களிடையே இருந்திருக்கிறார்கள். அப்படியானவரிடம் நூலைப் பற்றிப் பேசக் கூடாது. வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். நாங்கள் இரண்டு பேரைக் கூட்டிச் சென்றிருக்கிறோம். இருவரும் பிறகு திரும்பி வந்து தைத்தார்கள்.

என் சைக்கிள் இன்னும் முடியவில்லை. அது என் காக்காவின் சைக்கிள். 1990 இல் அறுவடை பார்க்க வயலுக்குப் போனவர். பானை மூடி வைத்துக் கீறியதில் சில்லு வட்டமாகி விட்டது. கம்பிகளை வெள்ளி நூலால் ஒவ்வொன்றாகத் தைத்தேன். போன மாதம் கொண்டு போனேன். கொடிக்கயிறு அக்காவுக்கு இப்போது கண் பார்வை குறைவு. விரலால்தான் தடவிப் பார்க்கிறா, என் மூத்தம்மா பாய் ஓரத்தைத் தடவின மாதிரி.

“கம்பி எல்லாம் கையில தட்டுப்படுது. அப்ப இது ஓடுற சைக்கிள் இல்ல, நிக்கிற சைக்கிள். ஸ்டாண்ட் எங்க?”

“ஸ்டாண்ட் போடல்ல அக்கா. வரம்புல சாஞ்சி கிடந்திச்சி.”

இதை நான் அவர்களிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அக்கா ஒன்றும் சொல்லாமல் மேலே தடவிக்கொண்டு போனா.

“சாஞ்சி கிடந்தா ஹாண்டில் நேரா நிக்காதே மகள். ஒரு பக்கம் திரும்பியிரிக்கும்.”

ஹாண்டிலைப் பிரித்து வைத்திருக்கிறேன். சைக்கிளை வயலிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து தந்த மாமா இன்னும் ஊரில்தான் இருக்கிறார். எந்தப் பக்கம் திரும்பிக் கிடந்தது என்று இந்தக் கிழமை போய்க் கேட்க வேண்டும்.